தொழுவத்து ஊசியும் பாறுக் கழுகும்

கறவை மாடு படுத்துவிட்டால் அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. மடிவீக்கமோ, காய்ச்சலோ, கன்று போட்ட பிறகு வந்த வலியோ, தீவனத்தை முகர்ந்துகூடப் பார்க்காமல் அது தலையைத் தொங்கப்போட்டு நிற்கும்போது வீட்டில் எல்லோருக்கும் கை கால் ஓடாது. டாக்டர் வரட்டும் என்று காத்திருப்பதா, அதற்குள் மருந்துக்கடையில் எதையாவது வாங்கிப் போட்டுப் பார்ப்பதா? வலிக்கு ஓர் ஊசி உண்டு. விலை குறைவு. போட்டால் வலி சட்டென்று குறையும், மாடு எழுந்து தவிட்டுத் தண்ணீரில் வாய் வைக்கும். 1990-களில் இந்தியத் தொழுவங்களுக்குள் பரவலாக வந்துசேர்ந்த அந்த ஊசி மருந்தின் பெயர் டைக்ளோஃபெனாக். மூட்டுவலிக்கு நாம் மாத்திரையாக விழுங்குகிறோமே, களிம்பாகத் தடவுகிறோமே, அதே மருந்துதான்.

எல்லா மாடும் எழுந்துவிடுவதில்லை. ஊசி போட்டும் சில செத்துப்போகும். செத்த மாட்டை ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டார்கள். தோலை உரித்தெடுத்தபின் மிச்சத்தைப் பாறுக் கழுகுகள் பார்த்துக்கொண்டன. தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த ஏற்பாடு இது. ஆனால் இப்போது மாட்டின் ஈரலிலும் சிறுநீரகத்திலும் அந்த ஊசி மருந்து தங்கியிருந்தது. தின்ற கழுகுகள் சில நாட்களுக்குள் கழுத்து தொங்கிப்போய் கிளையில் உட்கார்ந்திருந்தன. பிறகு, உட்கார்ந்த கிளையிலிருந்தே விழுந்தன.

வெண்முதுகுப் பாறு என்ற பறவை 1992-லிருந்து 2007-க்குள் இந்தியாவில் 99.9 விழுக்காடு குறைந்துபோனது. ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று. ஒரு காலத்தில், உலகத்திலேயே அதிக எண்ணிக்கையில் இருந்த பெரிய இரைக்கழுகு இதுவாகத்தான் இருக்கும் என்று பறவையியலாளர்கள் கருதிய இனம் அது. யாரும் அதைச் சுடவில்லை, கண்ணி வைக்கவில்லை, அதன் கூட்டைக் கலைக்கவில்லை. தன் மாட்டுக்கு வலிக்கிறதே என்று தவித்த குடும்பங்களும் ஒரு மருந்துப் புட்டியும் போதுமானதாக இருந்தன. காட்டுயிர்ப் பாதுகாப்பை வனத்துறை பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

திட்டுவதற்கு வைத்த பெயர்

நம் பேச்சு வழக்கில் பருந்து, கழுகு, பாறு எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டன. வானத்தில் வட்டமிடுவது எதுவானாலும் கழுகுதான். மற்ற கழுகுகள் உயிருள்ள இரையைக் காலால் பற்றித் தூக்கும். பாறு அப்படிச் செய்யாது. அதன் கால்கள் தரையில் நடப்பதற்கும் செத்த விலங்கின் மேல் ஏறி நிற்பதற்கும் அமைந்தவை. பிடித்துத் தூக்கும் பலம் அவற்றில் கிடையாது. கோழிக்குஞ்சைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று அதன் மேல் சொல்லப்படும் பழி முழுப்பொய்.

சங்கப் பாடல்களில் எருவை என்ற பெயர் வருகிறது. பாறு என்ற சொல்லும் பழையதுதான். இவ்வளவு நல்ல பெயர்கள் இருக்க, நாம் வைத்துக்கொண்டது ‘பிணந்தின்னி’. அந்தப் பெயரைக்கூட, கந்துவட்டிக்காரரையும் ஊழல் அரசியல்வாதியையும் திட்டுவதற்குத்தான் எடுக்கிறோம். யாரையும் கொல்லாமல், செத்ததை மட்டும் தின்று ஊரைச் சுத்தமாக வைத்திருந்த ஒரு பறவையின் பெயர் நமக்கு வசைச்சொல் ஆகிவிட்டது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம். அருவருப்பு என்று ஒதுக்கிய ஒன்று காணாமல் போனால் யாரும் தேட மாட்டார்கள். பாறு விஷயத்தில் அதுதான் நடந்தது.

இத்தனைக்கும் நம் கோயில்களில் அதற்கு இடம் இருக்கிறது. சீதையைக் காக்கப் போய் சிறகு வெட்டுப்பட்டு விழுந்த ஜடாயுவுக்கு இராமன் மகன் முறையில் ஈமக்கடன் செய்தான் என்பது நம் தாத்தா பாட்டிகள் சொன்ன கதை. காஞ்சிபுரம் அருகே திருப்புட்குழியில் அந்தக் கதையை ஒட்டித்தான் பெருமாள் கோயில். வைத்தீஸ்வரன் கோயிலின் பழைய பெயரே புள்ளிருக்குவேளூர். அங்கே ஜடாயு குண்டம் இருக்கிறது, அதன் சாம்பலைப் பக்தர்கள் நெற்றியில் இட்டுக்கொள்கிறார்கள்.

திருக்கழுக்குன்றத்தை எங்கள் தலைமுறையில் பலரும் பார்த்திருப்போம். வேதகிரி மலையேறி, உச்சிவேளையில் வெந்த பாறையின் மேல் கால் மாற்றி மாற்றி நின்று, கையால் கண்ணுக்கு மறைப்புக் கட்டி வானத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். பூசை செய்பவர் சர்க்கரைப் பொங்கலோடு உட்கார்ந்திருப்பார். எங்கிருந்தோ இரண்டு வெள்ளைப் பறவைகள் வந்து இறங்கும். மஞ்சள் முகம், கலைந்த பிடரி மயிர் போன்ற இறகு, தத்தித் தத்தி நடை. காசியில் குளித்துவிட்டு இராமேஸ்வரம் போகிற வழியில் சாப்பிட வருகின்றன என்று பக்கத்தில் நிற்கும் அம்மா பிள்ளைக்குச் சொல்வார். அவை மஞ்சள்முகப் பாறுகள். டச்சுக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டிலேயே இந்த மலைக்கு வந்துபோயிருக்கிறார்கள். அவர்கள் செதுக்கிய பெயர்கள் ஒருகல் மண்டபத்தில் இன்றும் இருக்கின்றன. 1990-களோடு பறவைகளின் வரவு நின்றுபோனது. கலி முற்றிவிட்டது, அதனால்தான் வருவதில்லை என்று ஊரில் சொல்கிறார்கள். மலை இருக்கிறது, கோயில் இருக்கிறது, ஊர்ப்பெயரிலும் கழுகு இருக்கிறது.

வெள்ளைப் பொடி

பாறுகள் குறைவதை முதலில் கவனித்துப் பதிவு செய்தவர்களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ் முக்கியமானவர். 1990-களில் ராஜஸ்தானின் பரத்பூர் கேவலாதேவ் பூங்காவில் கூடுகளை எண்ணிக்கொண்டிருந்தவர், கூடுகள் வருடா வருடம் காலியாவதையும் மரத்தடியில் பறவைகள் செத்துக் கிடப்பதையும் பார்த்தார். ஏதோ வைரஸ் என்றுதான் எல்லோரும் சந்தேகப்பட்டார்கள். பூச்சிக்கொல்லியாக இருக்குமோ என்றும் தேடினார்கள். பிடிபடவில்லை.

விடை பாகிஸ்தானின் பஞ்சாபில் கிடைத்தது. லிண்ட்சே ஓக்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவருடைய குழுவும் செத்த பாறுகளை அறுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவற்றின் ஈரல், இதயம், குடல் எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. யூரிக் அமிலம். சிறுநீரகம் செயலிழந்துவிட்டதால், வெளியேற வேண்டிய கழிவு உடம்புக்குள்ளேயே உறைந்திருக்கிறது. சிறுநீரகத்தைக் கெடுத்தது எது என்று தேடும்போது, அங்குள்ள கால்நடை மருந்து விற்பவர்களிடம் போய், எந்த மருந்து அதிகம் போகிறது என்று விசாரித்தார்கள். டைக்ளோஃபெனாக்கின் பெயர் வந்தது. அந்த மருந்து கொடுக்கப்பட்ட கால்நடைகளின் இறைச்சியைப் பாறுகளுக்குக் கொடுத்துச் சோதித்தபோது, அவையும் அதே வெள்ளைப் பொடியோடு செத்தன. 2004-இல் ‘நேச்சர்’ இதழில் இந்த முடிவு வெளியானது.

இதில் என்னை இன்றும் உலுக்கும் கணக்கு ஒன்று உண்டு. இந்தப் பேரழிவுக்கு எல்லா மாட்டிலும் மருந்து இருந்திருக்க வேண்டியதில்லை. நூறு பிணங்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் மருந்து இருந்தாலே போதும் என்று பின்னர் வந்த ஆய்வு காட்டியது. பாறு தனியாகச் சாப்பிடும் பறவை கிடையாது. ஒன்று இறங்குவதைப் பார்த்து இன்னொன்று, அதைப் பார்த்துப் பக்கத்து வானத்தில் இருப்பது என்று பத்து இருபது மைல் சுற்றளவிலிருந்து கூட்டமே ஒரே பந்திக்கு வந்துவிடும். அந்த ஒரு மாட்டுக்கு ஊசி போட்டிருந்தால் பந்தியில் இருந்த அத்தனையும் போச்சு. வருடத்துக்கு ஒரே ஒரு முட்டை இடும் பறவை, முதல் முட்டை இடவே ஏறக்குறைய ஐந்து வயதாகும். இப்படிப்பட்ட சாவை அதனால் எப்படி ஈடுகட்ட முடியும்?

மாயாற்றங்கரையில்

தமிழ்நாட்டில் பாறுகள் எஞ்சியிருப்பது முக்கியமாக ஓர் இடத்தில். முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவே ஓடும் மாயாற்றின் பள்ளத்தாக்கு. மசினகுடியைத் தாண்டி சிறியூர்ப் பக்கம் போனால், காய்ந்த முட்காட்டுக்கு நடுவே ஓடைக்கரையில் மட்டும் நீர்மத்தி மரங்கள் வெளுத்த அடிமரத்தோடு ஓங்கி நிற்கும். அவற்றின் உச்சியில்தான் வெண்முதுகுப் பாறு கூடு கட்டும். ஒரு தை மாதக் காலையில் அங்கே நின்றிருக்கிறேன். கூட வந்த இருளர் சமூகத்து வேட்டைத் தடுப்புக் காவலர் எதுவும் பேசவில்லை, மோவாயால் மேலே காட்டினார். சுள்ளிக் குவியல்போல ஒரு கூடு. விளிம்புக்கு மேலே சாம்பல் பஞ்சு ஒட்டிய ஒரு தலை மட்டும் தெரிந்தது. அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தலைக்கு மேல் பாய் உதறியதுபோல ஒரு சத்தம். தாயோ தகப்பனோ, ஆறேழு அடி அகலத்துக்குச் சிறகு விரித்து வந்து கிளையில் அமர்ந்தது. சிறகை மடக்கும்போது முதுகில் அந்த வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரிந்தது. “வருசத்துக்கு ஒண்ணுதானுங்க. அது தப்பிச்சாத்தான் உண்டு” என்றார் காவலர். அந்த வாரம் முழுக்க அவர் அந்த ஒரு கூட்டைப் பார்க்கத்தான் தினமும் வந்துகொண்டிருந்தார்.

இங்கே மட்டும் எப்படிப் பிழைத்தன? இவற்றின் சாப்பாட்டில் பெரும்பகுதி புலியும் செந்நாயும் தின்று மிச்சம் வைத்த மானும் காட்டெருமையும்தான். கடமானுக்கு யாரும் ஊசி போடுவதில்லை. 2023-இல் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்று மாநிலங்களும் சேர்ந்து ஒரே நேரத்தில் நடத்திய முதல் கணக்கெடுப்பில் 246 பாறுகள் பதிவாயின. அதே ஆண்டு டிசம்பர் இறுதியில் நடந்த இரண்டாவது கணக்கெடுப்பில் 320. இதில் வெண்முதுகுப் பாறு 217, செம்முகப் பாறு 50, கருங்கழுத்துப் பாறு 47. திருக்கழுக்குன்றத்தில் பொங்கல் சாப்பிட்டுப் பழகிய இனமான மஞ்சள்முகப் பாறு நான்கே நான்கு. கூடியதுபோல் தெரியும் எண்ணைப் பார்த்து நிம்மதி அடைய நான் தயாராக இல்லை. இடங்களைக் கூட்டி, ஆட்களைக் கூட்டி எண்ணினாலும் எண் கூடும். மூன்று மாநிலக் காடுகளையும் சேர்த்து ஒரு கல்யாண மண்டபத்தின் முதல் பந்திக்கு வருகிற அளவுகூட இல்லை என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

இந்தக் காட்டிலும் அவற்றுக்கு ஆபத்து இருக்கிறது. புலியோ சிறுத்தையோ மாட்டை அடித்துவிட்டால், கோபத்தில் அந்த மாட்டின் உடம்பில் விஷம் தடவி வைத்துவிடுகிறார்கள். புலி திரும்பி வருவதற்கு முன் பாறு வந்துவிடும். மாட்டை இழந்தவரின் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. பால் ஊற்றித்தான் அவர் பிள்ளையின் பள்ளிச் செலவைப் பார்க்கிறார். இழப்பீடு அலைய விடாமல், மாதக்கணக்கில் இழுக்காமல் அவர் கைக்குப் போனால் விஷப் புட்டியைத் தேடிப் போக மாட்டார். அப்புறம், உண்ணிச்செடி மண்டி வெட்டவெளியை மூடிவிட்டது. கனத்த உடம்பை வைத்துக்கொண்டு ஓடி எழும்ப இடம் வேண்டும் பாறுக்கு. மாசி, பங்குனி வாக்கில் பொக்காபுரம், சிறியூர் மாரியம்மன் கோயில்களில் திருவிழா. கூட்டில் குஞ்சு இருக்கிற நேரம். ஆயிரக்கணக்கில் சனம் வரும், வண்டிகள் வரும், மைக் செட் வரும். அம்மனைக் கும்பிடப் போகிறவர்கள் அம்மன் காட்டில் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

30 மில்லிப் புட்டி

இந்திய அரசு கால்நடைக்கான டைக்ளோஃபெனாக்கை 2006-இல் தடை செய்தது. அதே ஆண்டில், மெலாக்சிகாம் என்ற வலிநிவாரணி பாறுகளுக்குக் கேடு செய்யாது என்ற ஆய்வும் வந்தது. மாட்டுக்கும் வலி தீரும், கழுகும் பிழைக்கும். கதை இங்கே முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. கால்நடைக்குத்தானே தடை, மனிதர்களுக்கு இல்லையே? மனிதருக்குப் போடும் ஊசிக்கு 3 மில்லி போதும். ஆனால் கடைகளில் 30 மில்லிப் புட்டியும் விற்றது. மனிதருக்கு என்று அச்சிட்ட அந்தப் பெரிய புட்டி தொழுவத்துக்குப் போனது. 2015-இல்தான் மத்திய அரசு, மனிதர்களுக்கான ஊசியை ஒரு தடவைக்கான 3 மில்லி அளவில் மட்டுமே விற்கலாம் என்று உத்தரவிட்டது. மருந்து நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2017-இல் நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாடு செல்லும் என்றது. ஒரு பறவைக்காகத் தமிழ்நாட்டின் உயர் நீதிமன்றம் தந்த அந்தத் தீர்ப்பு நம் பாடப்புத்தகத்தில் இருக்க வேண்டியது என்பேன்.

டைக்ளோஃபெனாக் போனது, தம்பிமார்கள் வந்தார்கள். அசிக்ளோஃபெனாக் மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடும். கீட்டோபுரோஃபென்னும் பாறுகளைக் கொல்லும் என்று தெரிந்தது. இரண்டையும் கால்நடைகளுக்குத் தடை செய்ய 2023 வரை ஆனது. அடுத்து நிமிசுலைடு, அது 2024-இன் இறுதியில். முதல் மருந்தின் கேடு தெரிந்து இருபது வருடத்தில் நான்கு மருந்துகளுக்குத் தடை வாங்கியிருக்கிறோம். புதிதாக ஒரு வலிநிவாரணி சந்தைக்கு வரும் முன்பே பாறுக்கு ஆகுமா என்று சோதித்துவிட்டு அனுமதி கொடுத்தால் என்ன? செத்த பிறகு தடை என்பது இனியும் தாங்காது. இழப்பதற்கு அதிகம் மிச்சமில்லை.

கொங்குப் பகுதியில் பால் சொசைட்டி ஒன்றின் வாசலில் மாடு வளர்க்கும் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். “அது என்ன மருந்துன்னு எனக்கு எப்படீங்க தெரியும்? வலிக்குக் குடுங்கம்போம், குடுப்பாங்க. சீட்டுல இங்கிலீசுல இருக்குது” என்றார். பாறு எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா என்றேன். கொஞ்சம் யோசித்தார். “சின்னப் பையனா இருக்கறப்ப பள்ளத்துல மாடு கெடந்தா வரும்ங்க. கழுத்துல மயிர் இல்லாம இருக்கும். கல்லெடுத்து எறிவோம்” என்றவர், “அதுக்கு அப்புறம் பாக்கவே இல்லைங்களே” என்று தனக்குள் சொல்லிக்கொள்வதுபோல் சொன்னார். அவருடைய ஊசிதான் காரணமாக இருக்கலாம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன். நம்ப முடியாமல் பார்த்தார். போகும்போது, “அந்த நல்ல மருந்து பேரைத் தமிழ்ல எழுதிக் குடுங்க” என்று பால் கணக்குச் சீட்டின் பின்பக்கத்தை நீட்டினார்.

கோவையைச் சேர்ந்த அருளகம் அமைப்பு இந்த வேலையைத்தான் பல ஆண்டுகளாக ஊர் ஊராகச் செய்துவருகிறது. மாடு வளர்ப்பவர்கள், கால்நடை மருத்துவர்கள், மருந்துக்கடைக்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள் என்று ஒவ்வொருவரிடமும் போய்ப் பேசுகிறது. தமிழ்நாடு அரசும் 2022-இல் பாறுகளைக் காக்க மாநில அளவில் ஒரு குழுவை அமைத்தது. நேபாளத்தில் பிதௌலி என்ற கிராமத்து மக்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பால் வற்றிய வயதான மாடுகளை வாங்கி, கெடுதல் இல்லாத மருந்து மட்டும் கொடுத்துக் கடைசிவரை பராமரித்து, அவை தானாகச் செத்த பிறகு பாறுகளுக்கு வைக்கிறார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஜடாயு உணவகம். 2006-லிருந்து நடக்கிறது.

பந்திக்கு வந்த நாய்கள்

பாறு போனால் நமக்கு என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஒரு கூட்டம் பாறு இறங்கினால் முழு மாட்டையும் ஒரு மணி நேரத்துக்குள் எலும்பாக்கிவிடும். அதன் வயிற்றுக்குள் இருக்கும் அமிலத்தின் வீரியத்தில் அடைப்பான் நோய்க் கிருமிகூடப் பிழைக்காது. அது இல்லாத ஊரில் மாடு நாட்கணக்கில் அழுகிக் கிடக்கிறது. ஓடையில் தள்ளினால் தண்ணீர் கெடுகிறது. நாய்கள் வருகின்றன, பெருகுகின்றன. நாய்க்கடி, வெறிநோய். ஐயால் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள், முன்பு பாறுகள் அதிகம் இருந்த மாவட்டங்களையும் இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டுக் கணக்குப் போட்டார்கள். பாறுகள் போனதால் 2000 முதல் 2005 வரை இந்தியாவில் கூடுதலாக ஏறக்குறைய 5 லட்சம் மனிதர்கள் இறந்திருக்கிறார்கள் என்பது 2024-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு.

5 லட்சம் பேர். அவர்களில் ஒருவருடைய வீட்டுக்குக்கூட, தங்கள் பிள்ளை ஒரு பறவை இல்லாமல் போனதால் செத்தது என்று தெரிந்திருக்காது.

மாடு வளர்ப்பவர்களுக்கும் அவர்களை அறிந்தவர்களுக்கும் என் வேண்டுகோள். மாட்டுக்கு வலி என்றால் கடையில் கேட்டு நீங்களாக ஊசி போடாதீர்கள், கால்நடை மருத்துவரிடம் போங்கள். பாறுகளுக்குக் கேடு செய்யாத மெலாக்சிகாம் அல்லது டால்ஃபெனமிக் அமிலம் கொடுங்கள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். 30 மில்லி டைக்ளோஃபெனாக் புட்டியை யாராவது விற்கக் கண்டால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் புகார் கொடுங்கள். புலி அடித்த மாட்டில் விஷம் வைக்காதீர்கள், வனத்துறைக்குச் சொல்லி இழப்பீட்டைக் கேட்டு வாங்குங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மாயாற்றங்கரை நீர்மத்தி மரங்களில் பாறுகள் மறுபடி சுள்ளி சேர்க்கத் தொடங்கும். ஒரு கூட்டுக்கு ஒரு முட்டை.